கடற்பாசியும் களப்பிற் சேரும் பசளையும்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் மிளகாய், சின்ன வெங்காயம், பீற்றூட் முதலியன மணற்றரையில், ஆழமற்ற கிணறுகளின் நீரைக்கொண்டு செய்கைபண்ணப்படுகின்றன. மணல் நீரை விரைவிற் கீழே விடும். பசளையைப் பிடித்துவைக்கும் வன்மை அதற்குக் குறைவு. ஆகவே பயிர் உறிஞ்சாது விட்ட நைதரசன், நைத்திரேற்று என்னும் உருவில் நீருடன் இறங்கி முதலிற் கிணற்றையும் பின்னர் களப்பையும் அடைகின்றது. மீ ஓயா, கலா ஓயா என்பவற்றின் வழியே நெல்வயல்களின் வடிநீரும் அக்களப்பிலேயே விழுகின்றது. இங்ஙனம் இழந்த சத்தைக் கடற்பாசியாற் பிடிக்க முடியுமா என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

கண்ணாடித் தொட்டி கற்பிக்கும் பாடம்

கடல்மீன்களைச் சிறிய உவர்நீர்த் தொட்டியில் வளர்ப்போர் இவ்விடயத்தைக் கண்ணாற் காண்கின்றனர். மீனுக்கு இடும் தீனியில் நைதரசனும் பொசுபரசும் உள. மீனின் கழிவும் தின்னாது விட்ட தீனியும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று தானாக வெளியேறாது. நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

இதற்குப் பரிகாரமாகத் தொட்டியின் அருகே வேறோர் அறை அமைத்து, அதிற் பாசியை இட்டு, விளக்கொளி காட்டி, தொட்டி நீரை அதனூடாக ஓடவிடுவர். பயிர் வேரால் உறிஞ்சும் சத்துக்களைப் பாசி தன் உடல் முழுவதாலும் உறிஞ்சி வளரும். 1980களில் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்பவர் பவளப்பாறை உயிர்கள் வாழ்ந்த தொட்டியின் நீரைப் பாசியைக்கொண்டே தூய்மையாக்கிக் காட்டினார். இறால் பண்ணைக் கழிவுநீரிற் பாசி வளர்த்தலும் பல நாடுகளிற் செய்துபார்க்கப்பட்டுள்ளது.

இம்முறை பயன்தருவதற்கு மூன்று நிபந்தனைகள் உள. ஒளி வேண்டும். நீர் அசைந்துகொண்டிருக்க வேண்டும். இவற்றினும் முக்கியமானது, வளர்ந்த பாசியைக் காலந்தவறாது வெட்டி வெளியே எடுத்தல். வெட்டாது விட்ட பாசி முதிர்ந்து அழுகும். அது பிடித்துவைத்த சத்து முழுவதும் மீண்டும் நீரிற் சேரும். அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனும் குறைந்து மீன்கள் மடியும். அறுவடை செய்யாத பாசி, வயலிலேயே உதிர்ந்துபோன நெல்லை ஒக்கும்.

ஒரு மூடை யூரியாவின் கணக்கு

புத்தளம் களப்பில் இயற்கையாக வளரும் கஞ்சிப்பாசி இதற்கு ஏற்ற இனமாகும். முற்காலத்தில் ‘சிலோன் மொஸ்’ என்னும் பெயருடன் பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டதும் இதுவே. எனினும் அதன் ஆற்றலை அளந்து பார்த்தல் வேண்டும்.

100 கிலோகிராம் ஈரப்பாசியில் உலர்பொருள் ஏறக்குறைய 10 கிலோகிராம். அதில் நைதரசன் நூற்றுக்கு 3 எனக் கொண்டால், கிடைப்பது 300 கிராம் மாத்திரமே. 50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அம்மூடையிற் பாதி வீணாகிக் களப்பை அடைந்தால், அதனை மீட்பதற்கு ஏறக்குறைய 3,800 கிலோகிராம் ஈரப்பாசியை வளர்த்து, வெட்டி, சுமந்து கரைசேர்த்தல் வேண்டும். சிறிய தொட்டிக்கு ஒரு கைப்பிடிப் பாசி போதும். களப்புக்கு அது போதாது. ஆகவே பசளையை வயலிலேயே நிறுத்துவதுதான் செலவு குறைந்த வழி.

கிணற்று நீரும் குழந்தையும்

கிணற்றினுள் பாசியும் உதவாது. கற்பிட்டிப் பகுதியின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டலாகும். அளவு மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வன்மையை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. நீரைக் கொதிக்கவைப்பதால் அது நீங்காது. நீர் வற்றுவதால் மேலும் செறியும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. மணற்றரையில் யூரியாவை ஒரேமுறையில் இடாது, சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பல தடவைகளாகப் பிரித்து இடுக.

2. பசளை இட்டபின் வேர்மண்டலம் நனையும் அளவுக்கே நீர் பாய்ச்சுக. பெருமழை வரும் அறிகுறி தோன்றினால் பசளை இடுதலைத் தள்ளிவைக்க.

3. மாட்டெரு, கூட்டெரு ஆகியவற்றை மண்ணிற் சேர்க்க. அவை நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும்.

4. நெல்வயலில் யூரியா இட்டபின் சில நாட்களுக்கு வரம்பு வாய்க்கால்களை அடைத்து, நீர் வடியாது காக்க.

5. கரையொதுங்கிய பாசியை வீணாக்காது, நன்னீரில் உப்புப் போகக் கழுவி, வைக்கோலும் சாணமும் கலந்து மக்கவைத்து இடுக. பொற்றாசியமும் நுண்சத்துக்களும் அதிற் கிடைக்கும். கழுவும் இடமும் குவியலும் கிணற்றுக்குத் தொலைவில் இருத்தல் வேண்டும். களப்பினுள் வளரும் பாசியையும் கடற்புல்லையும் வேருடன் வாரியெடுத்தலாகாது; அவை மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் வளரும் இடங்களாகும்.

6. கைக்குழந்தையுள்ள வீட்டார் தோட்டக் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே குழந்தைக்குப் பயன்படுத்துக.

மண்ணைப் பரிசோதித்துப் பசளை அளவை நிர்ணயித்தற்கு அணித்தேயுள்ள விவசாயப் போதனாசிரியரை நாடுக.