நாட்டுச் சர்க்கரை கல்லாகிப் போனால்...

பங்குனி உத்திரத்தன்று காலை. பாசிப் பருப்பு வெந்து தயாராக இருக்கிறது. தேங்காய்ப் பால் பிழிந்தாயிற்று. பாயசத்துக்குச் சர்க்கரை போட வேண்டியதுதான் பாக்கி. ஃபிரிட்ஜைத் திறந்து நாட்டுச் சர்க்கரைப் பையை எடுத்தால், உள்ளே செங்கல்லை வைத்துக் கட்டின மாதிரி இருக்கிறது! கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தேன். காம்புதான் வளைந்தது.

அவசரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? பையோடு தரையில் வைத்து, அம்மிக் குழவியை எடுத்து ஒரு போடு போட்டேன். பை கிழிந்து ஒரு சில்லு தெறித்தது. "நான் உடைக்கட்டுமாம்மா?" என்று குனிந்து நின்றிருந்த என் சின்னவன் புருவத்தில் பட்டு, பொலபொலவென்று ரத்தம். 2 தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அன்று பாயசம் யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

இவ்வளவு சர்க்கரை என் வீட்டில் தேங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. என் பிறந்த வீடு கவுந்தப்பாடிப் பக்கம். ஈரோடு மாவட்டத்தில் நாட்டுச் சர்க்கரைக்குப் பேர் போன சந்தை அது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக்கூட அங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை போகிறது. பொங்கல் சீரோடு அண்ணன் 5 கிலோ அனுப்பிவிடுவார். முன்பெல்லாம் சித்திரைக்குள் தீர்ந்துவிடும். போன வருஷம் என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் இனிப்புச் செலவு பாதிக்கும் கீழே போய்விட்டது. "நாட்டுச் சர்க்கரைதானே, ஒன்றும் செய்யாது" என்று நான்கூட ஒரு மாதம் அவருக்குக் காபியில் போட்டுக் கொடுத்து, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெள்ளையோ பழுப்போ, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் அண்ணன் தம்பிதான். ஆகவே பை அப்படியே கிடந்தது. எறும்புக்குப் பயந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

பிறந்த வீட்டுச் சீரைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? அண்ணிக்குப் போன் போட்டேன். (எங்கள் பக்கம் நங்கையா என்போம்.) அவர் சிரித்துவிட்டு, "கல்லாப் போச்சுன்னா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல அம்மிணி. அதுக்குத் தாகம், அவ்வளவுதான். கொஞ்சம் ஈரத்தைக் காட்டு, தானா அவுந்துக்கும்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் அதுதான். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, பாகு ஆறும்போதே மரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்குவதுதான் நாட்டுச் சர்க்கரை. அதில் ஒவ்வொரு பொடிமணி மேலும் மெல்லிசாகப் பாகு ஒட்டியிருக்கும். அந்தப் பாகில் ஈரம் இருக்கிற வரைக்கும் சர்க்கரை பொலபொலவென்று இருக்கும். ஈரம் காய்ந்தால் பாகு இறுகி, மணிகளைச் சிமெண்டு போட்டது போல ஒட்டிவிடும். ஃபிரிட்ஜுக்குள் இருப்பது காய்ந்த காற்று. துணிப்பையில் வைத்தால் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும். கேக் செய்ய வாங்குகிறோமே, பிரவுன் சுகர், அதற்கும் இதே கதைதான். வெள்ளைச் சீனியோ நேர் எதிர். அது ஈரம் பட்டால்தான் கட்டி தட்டும். அதனால் சீனிக்குச் செய்கிற வைத்தியத்தை இதற்குச் செய்யாதீர்கள். வெயிலில் காய வைத்தால் இன்னும் கல்லாகும்.

இனி வைத்தியம். அவசரமில்லை என்றால் மண் ஓடுதான் மகராசி. பூச்சில்லாத சுத்தமான மண் சட்டியின் உடைந்த துண்டு, உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். தேய்த்துக் கழுவி, கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். எடுத்து ஈரம் சொட்டாமல் துடைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, சர்க்கரைக் கட்டியோடு டப்பாவில் போட்டு இறுக்க மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் மேல்பக்கம் விரலுக்கு உதிரும். என்னுடைய கல் முழுசாக இளக 2 நாள் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை ஓட்டை மறுபடி நனைத்து வைத்தேன். ஓட்டுக்குப் பதில் ஒரு துண்டு ரொட்டியோ, ஆப்பிள் வில்லையோ போட்டாலும் இளகும். ஆனால் நம் ஊர் வெக்கையில் ரொட்டி சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். இரவு போட்டால் காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். எனக்கு மறதி ஜாஸ்தி. அதனால் ஓட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

உடனே வேண்டுமா? கட்டியை ஒரு பாத்திரத்தில் போட்டு, நனைத்து ஒட்டப் பிழிந்த வெள்ளைத் துணியால் வாய் மூடி, இட்லிப் பானையில் 5 நிமிஷம் ஆவி காட்டுங்கள். ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டாமல் மேலே ஒரு தட்டு கவிழ்க்க வேண்டும். சொட்டினால் பொடி கிடைக்காது, பாகுதான் கிடைக்கும். இளகினதும் முள்கரண்டியால் உதிர்த்து, சூட்டோடு அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆறினால் மறுபடி இறுகும் என்பதால் தேவைக்கு மட்டும் செய்வது நல்லது. மைக்ரோவேவ் உள்ளவர்கள் இதே ஈரத் துணியை மூடி, 20 விநாடி, 20 விநாடியாக வைத்துப் பார்க்கலாம். கூடுதலாக விட்டால் உருகிக் கொதித்துவிடும். சர்க்கரைப் பாகு கையில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பாயசம், பணியாரம் என்றால் இத்தனை பாடு எதற்கு? 1 கப் சர்க்கரைக்குக் கால் கப் தண்ணீர் விட்டு, கட்டியாகவே போட்டு, சின்னத் தீயில் வைத்தால் கரைந்துவிடும். வடிகட்டினால் மண், தூசியும் போகும். அன்றைக்கு எனக்கு இது தோன்றியிருந்தால் அந்த 2 தையல் மிச்சம்! பால் சேர்க்கிற பாயசமானால் பாகு நன்றாக ஆறின பிறகு கலந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பால் திரிந்துவிடும். மிக்ஸியில் மட்டும் கட்டியைப் போட்டுவிடாதீர்கள். பிளேடு போய்விடும்.

கல்லாவது கெடுதல் இல்லை. ஆனால் திறந்ததும் புளித்த வாடை, கள் வாடை அடித்தாலோ, நுரை, பூஞ்சை தெரிந்தாலோ, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தை உபயோகிக்கிற சிக்கனம் வேண்டாம். இன்னொன்று: நல்லதென்று நினைத்துக் கைக்குழந்தைகளின் கஞ்சியில் இதைக் கலக்கிறோம். 2 வயது வரை எந்தச் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். என் நாத்தனார் மகளிடம் இதைச் சொல்லி ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது வேறு கதை.

இப்போது ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. இறுக்க மூடுகிற எவர்சில்வர் டப்பாக்களில் கால் கிலோ, அரை கிலோவாகப் பிரித்து வைக்கிறேன். ஒன்றைத் திறந்தால் மற்றதற்குக் காற்றுப் படாது. எறும்புக்கு டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவிடுகிறேன். ஐப்பசி அடைமழையில் மட்டும் மண் ஓடு கூடாது. அப்போது காற்றிலேயே ஈரம் அதிகம், சர்க்கரை பிசுபிசுத்துவிடும். ஈரக் கரண்டியும் ஆகாது.

இந்தப் பொங்கலுக்கு அண்ணனிடம், "1 கிலோ போதும்ணா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 3 கிலோ வந்து சேர்ந்திருக்கிறது!