இருவிழித் தொலைநோக்கி: பார்வையும் அதன் உரிமையாளரும்

ஒரு கருவியின் அமைப்பினை விளக்க முற்படும்போது, அது யாருடைய கைகளில் இருந்தது, யாருடைய கைகளுக்கு வந்தது என்னும் வினாவையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1609 ஓகஸ்டில் கலிலியோ வெனிஸ் குடியரசின் ஆட்சியாளருக்குத் தமது தொலைநோக்கியை அறிமுகஞ் செய்தபோது வற்புறுத்தியது விண்ணியலையன்று; மரக்கலங்களை வெறுங்கண்ணுக்குத் தென்படுமுன்னரே கண்டுகொள்ளலாம் என்னும் கடற்படைப் பயனையே. ஊதிய உயர்வும் ஆயுட்காலப் பதவியும் கிடைத்தன. 1610 ஜனவரியில் அவர் ஏறத்தாழ 20 மடங்கு உருப்பெருக்கங் கொண்ட கருவியால் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அந்நான்கையும் இன்று ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கத்தக்க இருவிழித் தொலைநோக்கியே காட்டிவிடும்.

பறவையியலின் கதையும் இதனோடொத்ததே. லெக் என்னும் பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி 1878-80 காலப்பகுதியில் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலுக்கு ஆதாரமானவற்றுள் சுட்டெடுக்கப்பட்ட பறவைகளின் தோல்களும் அடங்கும். அக்காலத்தில் பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் அதனைக் கொல்லுதலாகவே இருந்தது. 1889 இல் அமெரிக்காவில் புளோரன்ஸ் மெரியம், நாடக அரங்குகளிற் செல்வர் பயன்படுத்திய சிறு கண்ணாடியினூடாகப் பறவைகளைப் பார்ப்பது பற்றி நூலெழுதினார். 1901 இல் எட்மண்ட் செலூஸ் துப்பாக்கியை விடுத்துத் தொலைநோக்கியை ஏந்துமாறு வற்புறுத்தினார். செலூஸின் உடன்பிறந்தார் புகழ்பெற்ற வேட்டைக்காரர் என்பது சுவையான முரண்.

கருவியின்மீது 10×50 எனப் பொறிக்கப்பட்டிருப்பின், முதலெண் உருப்பெருக்கத்தையும் இரண்டாவது முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுக்க வரும் 5 மில்லிமீற்றர், கண்ணுள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டமாகும். 7×50 இல் இது 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்படும். இருளில் விரியும் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ இவ்வளவினதே. வயதேற அது சுருங்கும். ஆகவே முதியோருக்கு 7×50 இன் ஒளியில் ஒரு பகுதி வீணாகும். பறவைக்கு 8 மடங்கும் வானத்துக்கு 10 மடங்கும் போதுமானவை. அதற்கு மேற்பட்ட எண்களை விளம்பரஞ் செய்யும் வணிகர் கைநடுக்கத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை. உருவம் பெருகுமளவுக்கு நடுக்கமும் பெருகும்.

மலிவான கருவியின் பெருங்குறை பெரும்பாலும் வில்லையிலன்று, உள்ளிருக்கும் அரியங்களின் பொருத்தத்திலேயே உள்ளது. அவை சற்றே விலகினும் இரு விழிகளும் இரு காட்சிகளைக் காணும். சிறிது நேரத்தில் தலைவலி உண்டாகும். வாங்குமுன் தொலைவிலுள்ள தந்திக்கம்பமொன்றை நோக்கிச் சோதித்தல் நன்று. பின்னர் இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சில்லைத் திருப்பிக் காட்சியைத் தெளிவாக்கி, அடுத்து வலக்கண்ணுக்குரிய வளையத்தை மட்டும் திருத்திக்கொள்ளல் வேண்டும். பலர் இவ்வளையத்தைத் தொடாமலே கருவியைக் குறைகூறுவர். சூரியனை எக்காரணங் கொண்டும் இதனூடாக நோக்கலாகாது. கணநேரமே பார்வையைப் பறித்துவிடும்.

போர்க்காலத்தில் வடபுலத்துக் கடனீரேரிக் கரையில் இக்கருவியுடன் நிற்பவரைக் காவலரணில் இருந்தோர் பறவை பார்ப்பவராகக் கொள்வர் என எதிர்பார்த்திருக்க முடியாது. பார்த்தல் அங்கே ஆயுதந் தாங்கியோரின் தனியுரிமையாயிருந்தது. மன்னாரின் வங்காலை, 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கு வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளையும் பூநாரைகளையும் அவற்றைக் கலைக்காது தொலைவிலிருந்தே காண 8×40 கருவி போதும்.

அதே கருவியை இரவில் சாய்மனைக் கதிரையிற் கிடந்தவாறு வானுக்குத் திருப்பலாம். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தோன்றும் கார்த்திகை பல பத்து மீன்களாக விரியும். பூசத்தின் புகைபோன்ற மங்கல் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகப் பிரியும். வியாழனுக்கு மட்டும் கையைச் சுவரிலோ தூணிலோ ஊன்றுதல் அவசியம். அதனருகே ஒரே கோட்டில் தென்படும் புள்ளிகளை ஒவ்வோர் இரவும் அப்பியாசக் கொப்பியில் வரைந்துவரலாம். கனிமீட் ஒருமுறை சுற்றிவர 7 நாள்களுக்குச் சற்று மேலாகும். ஆகவே ஒருபுறத்தே உச்சத்தொலைவில் நின்ற அப்புள்ளி மூன்றரை நாள்களின் பின் மறுபுறத்தே நிற்கும்.