நம்பிக்கை போனாலும் போகாத மதம்

மதத்தை விட்டு விலகுதல் என்றாலே கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம்தான் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம்பிக்கையை இழப்பதும் மதத்திலிருந்து வெளியேறுவதும் ஒன்றல்ல. முன்னது மனத்துக்குள் ஓசையின்றி நடந்து முடிந்துவிடக்கூடியது. பின்னது உறவு, சாதி, திருமணம், சொத்து, சாவு ஆகிய அனைத்தையும் தொட்டாக வேண்டியது. ஐயத்துக்கு இம்மண்ணில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. மணிமேகலை காஞ்சிக்கு வந்து பௌத்த அறத்தை ஏற்பதற்கு முன்பு, வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கிறாள். ஐம்பூதச் சேர்க்கையிலிருந்தே உணர்வு பிறக்கிறது, மறுபிறப்பு என்பது இல்லை என்று சொல்லும் பூதவாதியும் அவர்களுள் ஒருவன். அவள் அவன் வாதத்தை ஏற்கவில்லை. எனினும் காப்பியம் அவனுக்குப் பேச இடம் கொடுத்தது.

காஞ்சிபுரத்துக்கு அருகே, பெரியதோர் ஏரியின் பெயரால் அறியப்படும் தென்னேரியைப் போன்று உழவும் தறியும் கோயிலும் ஒன்றோடொன்று பின்னிய ஊர்களில், மதம் கொள்கைத் தொகுப்பாக இருப்பதைவிட நாள்தோறும் நடக்கும் காரியங்களாகவே இருக்கிறது. திருவிழாவுக்குக் குடும்பக் கணக்கில் வசூலாகும் தலைக்கட்டு வரி, பெண் பார்க்கும்போது ஒப்பிடப்படும் சாதகம், குலதெய்வத்துக்கு முதல் முடி, இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் என இவற்றில் எதிலும் ஒருவரின் நம்பிக்கை கேட்கப்படுவதில்லை. பங்கேற்பு மட்டுமே கேட்கப்படுகிறது. நம்பாதவர் வரி கொடுத்து மொட்டையும் போட்டுக்கொண்டால் ஊருக்கு அவரால் தொல்லையில்லை. கொடுக்க மறுக்கும் நாளில்தான் அவர் மதத்தை விட்டவர் ஆகிறார்.

விலகியவர்கள் மதத்தின் தீங்குகளாகச் சுட்டுபவையும் இந்த நடைமுறையைச் சார்ந்தவையே. சாமி கண்ணைக் குத்தும் என்று சிறு வயதில் ஊட்டப்படும் அச்சம், கடவுளை மறுத்த பின்னும் நெடுநாள் உடலில் தங்கிவிடுகிறது. மாதவிலக்கைத் தீட்டு எனக் கருதிப் பெண்ணை ஒதுக்கி வைப்பதும், செவ்வாய் தோஷம், அதாவது சாதகத்தில் செவ்வாய்க் கோள் நிற்கும் இடத்தால் விளையும் எனப்படும் குறை, இருப்பதாகச் சொல்லி ஒரு பெண்ணின் திருமணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் எந்த வேதாந்த நூலின் மேன்மையாலும் ஈடுசெய்ய முடியாத இழப்புகள். இவை அனைத்துக்கும் மேலாகச் சாதி இருக்கிறது. தெருவையும் சுடுகாட்டையும் பிரித்து வைத்த அந்த ஏற்பாட்டுக்குப் புனிதத்தின் காப்பு கிடைத்தது மதத்திடமிருந்துதான். மதம் துயரில் ஆறுதலும் தனிமையில் கூட்டமும் தருகிறது என்பது உண்மையே. அந்த ஆறுதலும் கூட்டமும் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை என்பதே விலகியோரின் குறை.

இக்குறையை அச்சில் எழுப்பிய முன்னோடிகளுள் ஒருவர் அத்திப்பாக்கம் வெங்கடாசலர். காஞ்சிபுரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், மிராசுதாரர் எனப்பட்ட பரம்பரை நிலவுரிமையாளர்களுக்கும், அவ்வுரிமையின்றிப் பயிரிட்ட பாயக்காரிகளுக்கும் இடையே நடந்த வழக்கைப் பற்றி 1872இல் நூல் எழுதிய அவர், பத்தாண்டுகள் கழித்து 1882இல் ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’யை வெளியிட்டார். நிலம் யாருக்கு என்று தொடங்கிய கேள்வி, அந்த உரிமையைப் புனிதமாக்கியது எது என்ற கேள்வியில் சென்று முடிந்ததில் வியப்பில்லை. அதே காலத்தில் சென்னையில் இலௌகிக சங்கம், அதாவது மறுமையை விடுத்து இவ்வுலக வாழ்வையே அளவுகோலாகக் கொண்டோரின் சங்கம், இயங்கியது. லண்டனில் 1866இல் சார்லஸ் பிராட்லா நிறுவிய அமைப்பின் வழியில் நடந்த இச்சங்கத்தின் இதழான ‘தத்துவ விவேசினி’ 1882 முதல் 1888 வரை வெளிவந்தது. பெரியார் பொதுவாழ்வில் இறங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இவ்வளவும் நடந்திருக்க, தமிழ் நாத்திகத்தின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்கியதுபோல் எழுதப்படுவது ஒரு சோம்பலான வழக்கம்.

எனினும் விலகுதலை ஓர் இயக்கமாக்கியவர் பெரியார்தான் என்பதில் ஐயமில்லை. ஈரோட்டில் தேவஸ்தானக் குழுவுக்குத் தலைமை வகித்த அவர், 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், பதவிகளிலும் வேலைகளிலும் ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கு என்னும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டபோது அவர் வெளியேறினார். காஞ்சியில் அவர் விட்டது கட்சியைத்தான், மதத்தை அல்ல. ஆயினும் பங்கு கேட்டவருக்கு மறுப்பு வந்த பின்னரே, அம்மறுப்பின் வேரைத் தேடிய அவருடைய எழுத்து சாத்திரங்களையும் கடவுளையும் நோக்கிக் கூர்மையடைந்தது. அதே காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த அண்ணா, பின்னாளில் ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்ற திருமூலரின் வாக்கைத் தம் கட்சியின் முழக்கமாக்கிக்கொண்டு, கடவுள் மறுப்பைப் பின்வரிசைக்கு அனுப்பினார். தேர்தலில் நிற்க வேண்டிய கட்சிக்கு அது உதவியிருக்கலாம். கொள்கைக்கு உதவியது என்று சொல்வது கடினம்.

சுயமரியாதை இயக்கத்தின் நிலைத்த சாதனை மேடைப் பேச்சு அன்று, திருமணமே. புரோகிதர், ஓமத்தீ, மந்திரம் ஆகியவற்றை நீக்கி, உறவினர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ளும் இம்முறை 1920களின் இறுதியில் பரவத் தொடங்கியது. நல்ல நேரம் பார்க்கும் அச்சத்தை உடைக்க வேண்டுமென்றே இராகு காலத்தில் நடத்தப்பட்ட மணங்களும் உண்டு. நம்பிக்கையை விட்டவருக்கு வாதம் மட்டும் போதாது, மாற்றுச் சடங்கும் வேண்டும் என்பதை இயக்கம் உணர்ந்திருந்தது. ஆனால் 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பொருள், இப்படி மணந்த பெண்கள் மனைவியர் அல்லர், அவர்களுடைய பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குரியது என்பதாகும். அண்ணா முதலமைச்சரான பின் 1967இல் நிறைவேறி, 1968 சனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அந்த மணங்களை முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது.

இவ்வெற்றிக்குள் ஒரு முரண் இருக்கிறது. அத்திருத்தம் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவாகவே சேர்க்கப்பட்டது. இரண்டு இந்துக்களுக்கு இடையிலான மணத்துக்கே அது பொருந்தும். முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவர்மீது பொதுவாக இச்சட்டம் பாய்வதால், கடவுள் இல்லை என்று முழங்கி மணப்பவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாகவே மணக்கிறார். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மதம் கேட்காது. ஆனால் முப்பது நாள் முன்னறிவிப்பு கேட்கும், வீட்டை எதிர்த்து மணப்பவருக்கு அந்த முப்பது நாள் சிறிய இடர் அன்று. பிற மதங்களில் பிறந்தவரின் நிலை இன்னும் நெருக்கடியானது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்ட கேரளப் பெண் ஒருவர், சொத்துரிமையில் தமக்கு ஷரியத்துக்குப் பதிலாகப் பொதுவான வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று தொடுத்த வழக்கை 2024இல்தான் உச்ச நீதிமன்றம் ஆராய முன்வந்தது.

சட்டத்தைவிடக் கொடிய தடைகளும் உள்ளன. கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், பிறந்த மதத்தை விட்டு நாத்திகம் பேசியதற்காக 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். மகன் இறந்த பின் தந்தை அதே கழகத்தில் சேர்ந்தார். இதை ஒரு மதத்தின் தனிக்குணமாகக் காட்ட முனைவோர், மூடநம்பிக்கை ஒழிப்புக்காக உழைத்த நரேந்திர தபோல்கர் 2013இல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2019 பிப்ரவரியில் திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சினேகா, பல ஆண்டு முயற்சிக்குப் பின், சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழை அரசிடமிருந்து பெற்றபோது நாடே அதைச் செய்தியாக்கியது. ஆனால் இச்சான்றிதழ் எல்லாருக்கும் ஒரே பொருளுடையதன்று. 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதால், ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் தம்மை ஒடுக்கிய மதத்தைத் தாளில் துறந்தால் இடஒதுக்கீட்டையும் துறக்க நேரும். ஒடுக்கப்பட்டோரின் சிந்தனையாளரான அயோத்திதாசர் 1898இல் பௌத்தத்தைத் தேர்ந்ததுபோல், விலகுதலை வேறொரு சமயத்துக்குள் நுழைவதாகவே பலர் அமைத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் கோழைத்தனம் என்று இகழ முடியாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் நாத்திகர் என்று பதிவு செய்தது 1,297 பேரை மட்டுமே. பெரியார் இயக்கத்தின் கறுப்புச் சட்டைக்காரர் மாநாடு ஒன்றின் பந்தலிலேயே இதைவிடப் பெருங்கூட்டத்தைக் காணலாம். மேடையில் பகுத்தறிவும் வீட்டில் படையலுமாக வாழும் ஆண்கள், விளக்கேற்றும் வேலையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தம்மை விலகியவராகக் கருதிக்கொள்வது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். இன்னொன்று கணக்கெடுப்பு நடக்கும் முறை: வாசலுக்கு வரும் பணியாளரிடம் வீட்டில் ஒருவர் சொல்வதே பெரும்பாலும் எல்லாருக்குமாக எழுதப்படுகிறது, உள்ளே விளக்கேற்றுபவள் எதை நம்புகிறாள் என்று அவளிடம் தனியே கேட்பதில்லை.