ஒரு டி-ஷர்ட்டின் தண்ணீர் பில்லை யார் கட்டுகிறார்கள்? திருப்பூர் ஆய்வுகள் சொல்லும் கணக்கு

ஆன்லைன் சேலில் 399 ரூபாய்க்கு ஒரு கறுப்பு டி-ஷர்ட். கார்ட்டில் போடுவதற்கு முன் நாம் பார்ப்பது சைஸ், ரேட்டிங், ரிட்டர்ன் உண்டா இல்லையா என்பதைத்தான். அந்தக் கறுப்பு நிறம் துணியில் ஏற எவ்வளவு தண்ணீர் செலவானது, அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போனது என்பதை எந்த ஆப்பும் காட்டாது.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. அதனால் அந்தக் கணக்கையும் திருப்பூரில்தான் தேட வேண்டும். கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதார அறிஞர்கள், மானிடவியலாளர்கள், நீரியல் ஆய்வாளர்கள் எனப் பலரும் இந்த ஒரே ஊரை வேறு வேறு கேள்விகளோடு ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் தொழில் எப்படி வளர்ந்தது என்று கேட்டார். இன்னொருவர் தொழிலாளி என்ன நினைக்கிறார் என்று கேட்டார். வேறொருவர் ஆறு என்ன ஆனது என்று பார்த்தார்.

இவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு எங்கேயும் மறைந்துபோவதில்லை. கை மாறிக்கொண்டே இருக்கிறது. அது யார் யார் கைக்குப் போனது என்று பார்ப்போம்.

வெள்ளை பனியனிலிருந்து கலர் டி-ஷர்ட் வரை

ஒரு காலத்தில் திருப்பூர் என்றால் வெள்ளை பனியன். துணியை வெளுக்க சலவைப்பட்டறைகள் போதும். 1980களில் ஏற்றுமதி சூடுபிடித்தபோது வெளிநாட்டுக்காரர்கள் கேட்டது கலர் துணி. சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றின் கரையோரமும் அதன் ஓடைகளை ஒட்டியும் பெருகின.

சாயம் போடத் தண்ணீர் வேண்டும். ஊருக்குள் இருந்த கிணறுகள் உப்பாக மாறியதும், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வந்தது. வயலுக்குப் பாய வேண்டிய கிணற்றுத் தண்ணீர் லாரிக்கு விற்கப்பட்டது. விவசாயமும் ஆடைத் தொழிலும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடும் இந்த நிலையை, ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன்னா ப்ளூம்க்விஸ்ட் 1996லேயே தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அதன் தலைப்பு ‘உணவும் ஃபேஷனும்’.

தண்ணீர் எடுத்தது பாதிக் கதை. பயன்படுத்திய தண்ணீர் திரும்பிப் போன இடம் நொய்யல்.

பிரச்னை சாயம் மட்டுமில்லை, உப்பு!

ஆற்றில் சிவப்பாகவும் நீலமாகவும் தண்ணீர் ஓடும் படங்களைப் பார்த்திருப்போம். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத உப்புதான் பெரிய தலைவலி.

பருத்தி நூலும் அதற்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒரே வகை மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலைக் குறைத்து, சாயத்தைத் துணிமேல் ஏற்றத்தான் உப்பு. சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்ப்பார்கள். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். லைட் கலரைவிடக் கறுப்புக்கும் நேவி ப்ளூவுக்கும் அதிக உப்பு தேவை.

இதில் சிக்கல் என்னவென்றால், உப்பு துணியில் தங்காது. தன் வேலையை முடித்துவிட்டு மொத்தமாகக் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

சரி, சுத்திகரிச்சா போதாதா?

1990களில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. நிறத்தையும் கசடையும் அவை ஓரளவு பிரித்தன. ஆனால் தண்ணீரில் கரைந்த உப்பை அந்த முறைகளால் எடுக்க முடியாது. பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் உப்புத் தண்ணீர்.

வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு டிடிஎஸ் என்ற சொல் பழக்கம்தான். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தொழிற்சாலைகள் வெளியேற்றும் நீருக்கு வரம்பு 2,100. சாயக்கழிவு இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும்.

விவசாயிகள் தொட மறுத்த அணை

வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது இந்த ஆறு. திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையத்தில் 1992ல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதிகளில் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் கொடுப்பது திட்டம்.

சில ஆண்டுகளிலேயே அணையில் தேங்கியது சாயக்கழிவு. அணைத் தண்ணீர் வேண்டும் என்று போராடுவதுதான் வழக்கம். இங்கே விவசாயிகள் ‘இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீங்க’ என்று போராடினார்கள். நிலத்தடி நீரும் கெட்டது. நெல், மஞ்சள், வாழை போட்ட நிலங்களில் விளைச்சல் படுத்தது. குடிநீருக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

இந்த இழப்பை ரூபாயில் மதிப்பிடும் வேலையைச் செய்தவர்கள் சென்னைப் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள். பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியாத் போன்றோர் விவசாயம், மீன்வளம், வீட்டுத் தண்ணீர் எனத் துறைவாரியாகக் கணக்கிட்டார்கள். ஏற்றுமதி வருமானம் மட்டும் பேசப்பட்ட ஊரில், அந்த வருமானத்துக்குப் பின்னால் இருக்கும் கடனையும் எழுதியது இந்த ஆய்வுகளின் முக்கியமான பங்கு.

ஆக, பில்லை முதலில் கட்டியது நொய்யல் விவசாயி. துணி விற்றதில் அவருக்கு ஒரு பைசா பங்கு கிடையாது.

கோர்ட் போட்ட கணக்கு

2004: சூழலியல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பாசனப் பகுதியின் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மொத்தம் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது.

2006 டிசம்பர்: கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையை 2007 ஜூலைக்குள் எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம்.

2009 அக்டோபர்: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

2011 ஜனவரி 28: உத்தரவு முழுமையாக நிறைவேறாததால், சாய, சலவைப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன.

ஜீரோ டிஸ்சார்ஜ்: எப்படி நடக்குது?

முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் சிதைக்கிறார்கள். பிறகு வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக அழுத்தி அனுப்புகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பி, மறுபடி சாயப்பட்டறைக்கே போகிறது.

வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு குழாயில் நல்ல தண்ணீர், இன்னொரு குழாயில் கழிவுத் தண்ணீர் வருமல்லவா? இங்கேயும் அதேதான். வீட்டில் அதை சிங்க்கில் விட்டுவிடலாம். இங்கே விட முடியாது. அந்தக் கடும் உப்புநீரை நீராவியால் காய்ச்சி வற்றவைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். இந்த ஆவியாக்கும் கட்டத்தில்தான் விறகும் கரண்ட்டும் பணமும் அதிகம் செலவாகின்றன.

பிரிந்த சோடியம் சல்பேட்டை மறுபடி சாயம் போடவே பயன்படுத்தும் வழியைத் திருப்பூர் கண்டுபிடித்துக்கொண்டது. செலவைக் குறைத்த நல்ல முன்னேற்றம் இது. ஆனாலும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சுகிறது. அது மூட்டை மூட்டையாக ஷெட்களில் அடுக்கி வைக்கப்படுகிறது. மழை பட்டால் மறுபடி கரைந்துவிடும் என்பதால் பாதுகாப்பாக வைக்கவும் செலவு.

இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. பெரிய நிறுவனங்கள் சொந்தமாக நிலையம் வைத்திருக்கின்றன. இவ்வளவு பெரிய அளவில் ஜீரோ டிஸ்சார்ஜைச் செய்து காட்டிய ஜவுளி நகரங்கள் உலகில் மிகக் குறைவு.

செலவு யார் தலையில்?

இதைப் புரிந்துகொள்ள திருப்பூர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் எல்லாம் தனித்தனி இடங்கள். பெரும்பாலும் ஜாப் ஒர்க். சாயப்பட்டறைக்காரர் துணிக்குச் சொந்தக்காரர் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்.

சிறு முதலாளிகள் நிறைந்த இந்த அமைப்பை 1990களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதன், ஜெ.ஜெயரஞ்சன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். விவசாயப் பின்னணி கொண்ட தொழிலாளர்கள் உழைப்பையே முதலாகக் காட்டி முதலாளிகளான கதையை ஷரத் சாரி தன் 2004ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதினார்.

இப்படிப்பட்ட சங்கிலியில் புதிதாக ஒரு செலவு வந்தால், பேரம் பேச வலு குறைந்தவர் தலையில் அது விழும். சுத்திகரிப்புச் செலவு கிலோ கணக்கில் சாயக்கூலியோடு சேர்கிறது. ஏற்றுமதியாளர் கூலியைக் குறைக்கச் சொல்வார். அவரிடம் வெளிநாட்டு பிராண்ட், இதைவிடக் குறைவாகத் தரும் நாடுகள் இருக்கின்றன என்று சொல்லும். இத்தகைய கட்டாயம் எல்லா நாட்டிலும் இல்லை.

பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக மானிடவியலாளர் கேர்ட் டி நேவ், 2009ல் வெளியான கட்டுரையில் இதன் அடிப்படையைத் தொட்டார். பிராண்டுகள் ‘சமூகப் பொறுப்பு’ என்ற பெயரில் விதிக்கும் நிபந்தனைகளை நிறைவேற்றும் சுமை சப்ளையர் மேல் இறங்குகிறது. அதிகாரமோ வாங்குபவரிடமே இருக்கிறது என்பது அவர் வாதம். தண்ணீருக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

வேலை செய்றவங்களுக்கு என்ன ஆச்சு?

2011ல் பட்டறைகள் மூடியபோது பின்னிய துணி சாயத்துக்காக வெளியூர்களுக்குப் போனது. சாயம் தாமதமானால் கட்டிங் நிற்கும். கட்டிங் நின்றால் டைலருக்கு வேலை இல்லை. திருப்பூரில் சம்பளம் ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை பட்டுவாடா. வேலை இல்லாத வாரம், காசு இல்லாத வாரம். ஆற்றைக் கெடுத்ததில் ஒரு செக்கிங் தொழிலாளிக்கு என்ன பங்கு? ஆனால் பில்லின் ஒரு பகுதி அவருக்கும் வந்தது.

‘அப்போ எல்லாத்தையும் பெரிய ஃபேக்டரியா மாத்திட்டா கண்காணிக்கறது ஈசிதானே?’ என்று தோன்றலாம். டி நேவின் 2014ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு எதிர்பாராத பதிலைத் தருகிறது. விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும் பெரிய கம்பெனிகளைவிட, நேரக் கட்டுப்பாடு குறைந்த சிறிய யூனிட்களைப் பல தொழிலாளர்கள் விரும்பியே தேர்ந்தெடுத்தார்கள். குழந்தையைப் பார்க்க வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்றால் லீவு கிடைக்கிறதா என்பது அவர்களுக்கு முக்கியம். ஆடிட் ரிப்போர்ட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஜீரோ டிஸ்சார்ஜ் புதுவித வேலைகளையும் கொண்டுவந்தது. ஆபரேட்டர், லேப் டெக்னீஷியன் வேலைகள் ஒருபுறம். மறுபுறம், கழிவுத் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் இன்னும் வருகின்றன.

சேமித்ததால் வந்த நஷ்டம்

நீர் மேலாண்மை படிப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பேசும் பகுதி இது. டேங்கர் லாரிகளை நம்பியிருந்த திருப்பூருக்காக அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தன. செலவு சுமார் 1,000 கோடி ரூபாய். பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறன். தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலை. தொழில் கட்டும் பணத்தில் மக்களுக்கு மலிவாகத் தண்ணீர் என்பது ஐடியா.

பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தது. சாயப்பட்டறைகள் தங்கள் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின. காவிரித் தண்ணீரின் தேவை குறைந்தது. ஆற்றுக்கு நல்ல செய்தி. ஆனால் தொழிற்சாலை விற்பனையை நம்பி வங்கிக் கடன் வாங்கிய திட்டத்துக்கு நெருக்கடி. தண்ணீர் தருவது ஒரு கையிலும், கழிவைக் கட்டுப்படுத்துவது இன்னொரு கையிலும் இருந்து, இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்போ என்ன மிச்சம்?

நொய்யல் முன்பிருந்ததைவிட மேம்பட்டிருக்கிறது. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பு சட்டென்று போய்விடாது. ஈரோடு, நாமக்கல், சேலம் பகுதிகளில் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிக்கும் செய்திகளையும் பார்க்கிறோம். ஓர் ஊரில் விதி கடுமையானால், செலவு பக்கத்து ஊருக்கு நகர்கிறது.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது திருப்பூரில் ஆர்டர்கள் தடுமாறின. விலையைக் குறைக்கும் அழுத்தம் வரும்போதெல்லாம் கேள்வி ஒன்றுதான்: சுத்திகரிப்பு, கூலி, லாபம் இவற்றில் எதில் கை வைப்பது?

உப்பு குறைவாகக் கேட்கும் சாய முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. கழிவே உருவாகும் இடத்தில் குறைந்தால், காய்ச்சி வற்றவைக்கும் செலவும் குறையும். ஆனால் புது இயந்திரத்துக்கு முதல் போடப்போவது யார் என்ற இடத்தில் பேச்சு நிற்கிறது. விவசாயி கட்டிவிட்டார். தொழிலாளி கட்டிவிட்டார். சாயப்பட்டறைக்காரர் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். விலையை முடிவு செய்யும் பிராண்ட், இந்தச் செலவைத் தன் கொள்முதல் விலையில் தனி வரியாக எழுதினால்தான் கணக்கு நேராகும்.

மெர்ச்சண்டைசிங், சோர்சிங் வேலைகளில் இருக்கும் இளைஞர்களுக்கு இது தொலைவான விஷயம் இல்லை. காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், சாயம், தையல் என்று வரிகள் இருக்கும். அடுத்த முறை சாயத்தின் கிலோ ரேட்டில் 5 ரூபாய் குறைக்கச் சொல்லும் முன், அந்த 5 ரூபாய் எதற்குப் போகிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.