கருவி பழசாவதில்லை, டிரைவர்தான் பழசாகிறது

காஞ்சிபுரத்தில் மேளக்காரர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்னச் சின்னக் கோயில்களில், தீபாராதனை நேரத்தில் மோட்டார் மேளம்தான் ஒலிக்கிறது. ஒரு மோட்டார், அது சுற்றும் தண்டு, தண்டோடு சேர்ந்து முரசையும் மணியையும் அடிக்கும் கம்பிகள். அவ்வளவுதான் இயந்திரம். மோட்டார் புகைந்தால் காயில் கட்டும் கடையில் கொடுத்து வாங்கி, மறுநாள் பூஜைக்கு மாட்டிவிடலாம்.

பாட்டு வகுப்புகளில் இருக்கும் மின்னணுச் சுருதிப் பெட்டியும் இந்த வகைதான். 1979-இல் பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் தென்னிந்திய மேடைகளெங்கும் பரவின. அந்தப் பெட்டிக்குக் கணினி வேண்டாம், இணையம் வேண்டாம். மின்சாரம் இருந்தால் சுருதி வரும்.

பக்திப் பாடல்களைப் பதிவு செய்யும் சிறு ஒலிப்பதிவுக் கூடங்களின் நிலைமை வேறு. அங்கே மைக்குக்கும் கணினிக்கும் நடுவே ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி இருக்கும். ஒலியலையை நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து, எண்களாக்கிக் கணினிக்குத் தருவது அதன் வேலை. நல்ல பெட்டி இருபது ஆண்டுக்கும் உழைக்கும். ஆனால் கணினியை மாற்றிய அன்றைக்கு, அப்படியொரு பெட்டி இருப்பதே புதுக் கணினிக்குத் தெரியாமல் போய்விடுவதுண்டு. விளக்கு எரியும், சுற்றில் பழுது இருக்காது, ஆனாலும் பயன்படாது.

காரணம் டிரைவர் என்ற மென்பொருள். பெட்டியின் மொழியைக் கணினிக்கும், கணினியின் மொழியைப் பெட்டிக்கும் சொல்லும் துபாஷி அது. இயங்குதளத்தின் மிக உள்ளடுக்கில் அமர்ந்து வேலை செய்வதால், இயங்குதளம் மாறும்போதெல்லாம் டிரைவரையும் திருத்த வேண்டும். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. 2016 ஆகஸ்டிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில், புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமும் தேவைப்பட்டது. பாதுகாப்புக்காக வந்த நியாயமான விதி இது. ஆனால் விற்பனை முடிந்துபோன ஒரு பெட்டிக்காகச் சம்பளம் கொடுத்துப் புது டிரைவர் எழுதவைக்க எந்த நிறுவனமும் எளிதில் முன்வருவதில்லை.

ஃபயர்வயரின் கதை இதற்கு நல்ல சான்று. 1995-இல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட இந்த இணைப்பு, ஒலித் தரவைத் தடையில்லாமல் சீராகக் கொண்டுபோகும். அதனால் 2000-களில் ஒலிப்பதிவுக் கூடங்கள் இதை நம்பிப் பணம் போட்டன. இதை வளர்த்ததில் முதன்மையான நிறுவனம் ஆப்பிள். அதே ஆப்பிள், 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டஹோ இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் உலகத்தில் இதற்கு நேர்மாறாக, தக்காஷி சக்கமோட்டோ என்ற நிரலாளர் 2023-இல் ஃபயர்வயர் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்று, 2029 வரை அதை உயிரோடு வைத்திருக்கத் திட்டம் வகுத்தார். பெருநிறுவனம் கைவிட்ட கருவிகளை ஒருவருடைய அக்கறை காப்பாற்றுகிறது.

நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் கருவிகளின் கதி இன்னும் மோசம். காரில் பாட்டுக் கேட்க ஸ்பாட்டிஃபை விற்ற 'கார் திங்', 2024 டிசம்பர் 9-ஆம் தேதியோடு செயலிழந்தது. போஸ் நிறுவனம் தன் சவுண்ட்டச் ஒலிபெருக்கிகளுக்கான இணையச் சேவையை நிறுத்தப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். பின்னர் அந்த நிறுவனம் கெடுவைத் தள்ளிவைத்ததோடு, கருவியோடு பேசுவதற்கான தொழில்நுட்பக் குறிப்புகளையும் பொதுவில் வெளியிட்டது. விடைபெறும் நிறுவனம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அதுதான்.

மென்பொருள் இருந்தாலே ஆயுள் குறைவு என்று நினைக்க வேண்டாம். 1983-இல் அமெரிக்காவின் சீக்வென்ஷியலும் ஜப்பானின் ரோலண்டும், போட்டியாளர்களாக இருந்தும், தங்கள் கீபோர்டுகளை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டின. மிடி என்ற பொதுமொழி அப்படித்தான் அறிமுகமானது. ஒரு கட்டையை அழுத்தினால் கம்பியில் மூன்றே எண்கள் போகும். 144, 60, 100 என்று போனால், 'முதல் தடத்தில், நடு ஸ்தாயி சி என்னும் சுரத்தை, இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள்' என்று பொருள். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் இந்த மூன்றும் போய்ச்சேர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. விதி எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், அன்றைய கீபோர்டும் இன்றைய கருவியும் தடையின்றிப் பேசிக்கொள்கின்றன.

விதி பொதுவாக இருந்தால் கருவி நீடிக்கும் என்ற இந்தப் பாடத்தைக் காஞ்சிபுரம் ஏற்கெனவே அறியும். பட்டுத் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். அட்டையில் துளை இருந்தால் ஊசி அதற்குள் போகும், கொக்கி மேலேறிப் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், இழை கீழேயே நிற்கும். அன்னமும் யாளியும் இப்படித்தான் கரையில் ஏறுகின்றன. 1804-இல் ஜக்கார்டு என்பவர் செய்த இந்த ஏற்பாட்டின் வழியிலேயே, 1892-இல் பாரிஸின் காவியோலி நிறுவனம் துளையட்டைப் புத்தகத்தைப் படித்து இசைக்கும் ஆர்கனைச் செய்தது. அட்டை கிழிந்தால் துளைகளைப் பார்த்து இன்னொன்று வெட்டலாம். செய்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் ரகசியம் எதுவும் அதில் இல்லை.

இன்று காஞ்சியில் சில தறிகளில் அட்டைக்குப் பதில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. இசைக் கருவிகளுக்கு நேர்ந்தது தறிக்கும் நேரலாம். அதனால் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. டிசைன் கோப்பு பொதுவான பட வடிவத்தில் இருக்குமா? விற்றவர் கடையை மூடினால் வேறொருவர் பழுது பார்க்க முடியுமா?

இசைக் கருவி வாங்குபவர்கள், தனி டிரைவர் இல்லாமலே இயங்குமா என்று கேளுங்கள். 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று குறிப்பிட்டிருந்தால் இயங்கும். பழைய இன்டர்ஃபேஸைக் காயலான் கடையில் போடும் முன் லினக்ஸில் இணைத்துப் பாருங்கள். அல்லது அதற்குப் பொருந்தும் பழைய கணினியை இணையத்தோடு சேர்க்காமல் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. பழுது பார்க்க எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் தரும் திட்டம் பற்றி, 2025 மே மாதம் ஒரு குழு அறிக்கை தந்தது. மென்பொருள் புதுப்பிப்பும் அதில் ஓர் அளவுகோல். ஆனால் தொடக்கம் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான். அது இசைக் கருவிகளுக்கும் தறிகளுக்கும் விரிய வேண்டும். எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு என்று பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். ஆதரவை நிறுத்தும் நாளில், கருவியோடு பேசும் விதிகளை வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். கடன் வாங்கிக் கருவி வாங்குகிற கலைஞரும் நெசவாளரும் இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் முழு ஆயுளைத்தான் கேட்கிறார்கள்.