மேகத்தில் தண்ணீர் எடுக்கும் மலைக்காடு

கிளிநொச்சியின் தர்மபுரத்தில் வயல் செய்பவர்களுக்கு மழைக்கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவருவதே நமக்குப் பெருமழை. கனகராயன் ஆறும் மலையில் பிறந்ததல்ல. வன்னிக் காடுகளில் விழும் மாரியை வாரி இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளக் கடல்நீரேரிக்குக் கொடுக்கிறது. இதே தீவின் நடுவில் ஆண்டு முழுவதும் ஈரம் காயாத ஒரு மலைமேடு உண்டு. ஊர் இல்லை, வயல் இல்லை, தேயிலைத் தோட்டமும் இல்லை. நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஹோட்டன் சமவெளிதான் அது.

கடற்கரைத் தாழ்நிலம், இடைநிலம், உயர்நிலம் என மூன்று தட்டுகளாக எழும்பும் இலங்கையின் மேல்தட்டில், 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இது கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். அடியில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த உருமாறிய பாறை. மேற்கே கிரிகல்பொத்த, வடக்கே தொட்டுப்பொல ஆகிய சிகரங்கள் நிற்கின்றன. தெற்கு விளிம்பில் நிலம் சட்டென்று அறுந்து, 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. அந்த இடத்துக்கு ‘உலக முடிவு’ என்று பெயர்.

அந்தச் செங்குத்துச் சுவர்தான் ஈரத்துக்குக் காரணம். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று அதில் மோதி மேலே ஏறுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு பாகை குறையும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. மிஞ்சியது மேகமாகி மரங்களுக்கு இடையிலேயே தவழ்கிறது.

மிச்ச வேலையை மரங்கள் செய்கின்றன. ஓயாத காற்றில் அவை உயர வளராமல், முறுக்கிய கிளைகளோடு குடைபோல் தலை விரிக்கின்றன. இலைகள் சிறியவை, தடித்தவை. கிளையெல்லாம் பாசி. மார்கழி விடியலில் வேலிச் சிலந்தி வலையில் பனித்துளி கோத்து நிற்பதுபோல, புகாரிலுள்ள நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டித் திரண்டு சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைகிறது. இலைமக்கு நிறைந்த கறுப்பு மண் அதைக் குடித்து, பள்ளத்துப் புல்வெளிகளுக்கும் சதுப்புகளுக்கும் மெல்லக் கசியவிடுகிறது. மரைக்கூட்டங்கள் மேய்வதும் அந்தப் புல்வெளிகளில்தான்.

இந்தக் கசிவு மூன்று ஆறுகளுக்குப் போகிறது. மகாவலி கிழக்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. களனி மேற்கே கொழும்புக் கரையில் சேர்கிறது. வளவை தெற்கே அம்பலாந்தோட்டையருகே கடலை அடைகிறது. வழியில் கொத்மலையிலும் சமனலவெவவிலும் மின்சாரமும் எடுக்கிறார்கள். தேசிய மின்கட்டமைப்பு வழியே நம் வீட்டு விளக்குக்கும் அந்த மலைநீர் உதவுகிறது.

ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே ஆலோசனை சொன்னார். ஆனாலும் 1960களில் இங்கே புல்வெளியில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1988இல் இது தேசியப் பூங்காவானது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையான மத்திய உயர்நிலங்களின் ஓர் அங்கமானது. பாதுகாப்பு வந்த பின்பும் ஆபத்து நீங்கவில்லை. பல இடங்களில் மரங்கள் நின்றபடியே காய்ந்து சாகின்றன. வறட்சி, மண்ணின் நிலை என்று ஆய்வாளர்கள் பல காரணங்களை ஆராய்கிறார்கள். மரம் போனால் மேகம் வரும், போகும். மண்ணில் சொட்டு விழாது.

1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் வேரூன்றிய குடும்பங்களுக்கு அந்தப் புகாரும் குளிரும் தெரிந்தவை. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு இந்தக் காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் குடியிருக்காத நிலத்தை வெறும் நிலம் என்று எண்ணுவது பெரும் பிழை. ஹோட்டன் சமவெளிக் காடு மேகத்திலிருந்து நீரெடுக்கிறது. நம் வன்னிக் காடு மாரிநீரை மண்ணோடு ஓடவிடாமல் தடுத்துக் குளங்களுக்கு அனுப்புகிறது. முறை வேறு, பயன் ஒன்று. இரண்டையும் வெட்டாமல் வைத்திருப்பதும் நீர்ப்பாசன வேலைதான்.