‘அம்போ’ என்று விட்டுவிடாமல்

ஆதரவில்லாமல் ஒருவரை நடுவழியில் விட்டுப் போவதை ‘அம்போவென்று விட்டுவிட்டான்’ என்போம். ஆஸ்திரேலியாவிலோ, ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் பாராமெடிக்கை மக்கள் செல்லமாக அழைக்கும் பெயரே ‘அம்போ’. குளியலறையில் வழுக்கி விழுந்து கிடப்பவரை முதலில் தொட்டுத் தூக்கும் கை அவருடையது. அந்தக் கை நோயாளியைச் செவிலியரிடம் ஒப்படைக்கும் சில நிமிடங்கள், தனியாகக் கற்றுத் தேர வேண்டிய ஒரு திறன்.

பாராமெடிக் வேலை அங்கே முன்பு ஆம்புலன்ஸ் சேவையில் சேர்ந்து, வண்டியில் ஓடியபடியே கற்றுக்கொள்ளும் தொழிலாக இருந்தது. 1994இல் நியூ சவுத் வேல்ஸின் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் இதற்கென்று பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று உடற்கூறியல், மருந்தியல், இசிஜி வாசிப்பு, களப்பயிற்சி எல்லாம் சேர்ந்த பட்டம் வாங்கித்தான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறார்கள். நர்சிங்கையும் பாராமெடிக் படிப்பையும் சேர்த்து இரட்டைப் பட்டமாகத் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. 2018 டிசம்பர் 1 முதல், தேசிய வாரியத்தில் பதிவு செய்யாதவர் தன்னைப் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். செவிலியருக்கு நெடுநாளாக இருந்த தொழில் அங்கீகாரம் இவர்களுக்கும் அப்போதுதான் முழுமையாகக் கிடைத்தது.

ஆனால் பட்டமும் பதிவும் மருத்துவமனை வாசல் வரைதான் துணைக்கு வரும். உள்ளே இருக்கும் செவிலியர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார், தரையில் எத்தனை நேரம் கிடந்தார், அருகில் காலி மாத்திரை அட்டை கிடந்ததா என்பதெல்லாம் பாராமெடிக்கின் கண்ணில் மட்டுமே இருக்கின்றன. அவர் சொல்லாவிட்டால், அல்லது சொன்னது காதில் விழாவிட்டால், அந்தத் தகவல் அங்கேயே தொலைந்தது.

தொலையத்தான் செய்தது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றுவார். மற்றொருவர் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுவார். சொன்னதையே திரும்பக் கேட்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதை வீடியோவில் பதிவு செய்து, அதில் இருந்த பாராமெடிக்குகளுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்குமே போட்டுக் காட்டினார்கள். தங்களையே திரையில் பார்த்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஒழுங்கை வகுத்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இதுதான்: மேலிருந்து சுற்றறிக்கையாக இறங்காமல், கைமாற்றும் இருதரப்பும் கூடிச் செய்த ஏற்பாடு அது.

அவர்கள் வகுத்த ஒழுங்கு இது: முதலில் நோயாளி யார், என்ன நடந்தது, எங்கே காயம் அல்லது என்ன தொல்லை, நாடியும் மூச்சும் எப்படி, கொடுத்த சிகிச்சை என்ன, அதன்பின் தேறினாரா மோசமானாரா. அடுத்து ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், பழைய நோய்கள், மற்றவை. இந்தப் பிற்பாதியின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘அம்போ’ என்றே வரும்.

72 வயதுக்காரர் ஒருவர் படியில் விழுந்து தலையில் லேசாக அடிபட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெளிவாகப் பேசுகிறார், காயமும் சிறியது. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் உடனே அறிகுறி காட்டாமல் இருக்கலாம். அந்த மாத்திரையின் பெயரைப் பாராமெடிக் சொல்லிவிட்டால், காத்திருப்போர் வரிசையில் உட்கார வேண்டியவர் ஸ்கேன் அறைக்குப் போய்விடுவார்.

அந்த ஒழுங்கில் இன்னொன்று, பாராமெடிக்கின் பேச்சு முடியும்வரை யாரும் குறுக்கிடாமல் கேட்பது. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் வேளைக்கு இது பொருந்தாது. மற்றபடி கேட்பதால் நேரம் வீணாகவில்லை. புதிய முறையில் கேள்விகள் குறைந்தன, திரும்பச் சொல்வது குறைந்தது, ஒப்படைக்க ஆகும் நேரமும் குறைந்தது. இருதரப்பினரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுவது கூடியது. இந்தக் கடைசி விஷயத்தைச் சிறியதாக நான் நினைக்கவில்லை.

ஏனென்றால் இந்த உறவை உரசிப் பார்க்கும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உள்ளே கட்டில் காலியில்லாவிட்டால் ஆம்புலன்ஸ்கள் வாசலிலேயே வரிசையில் நிற்கும். இதை அங்கே ‘ரேம்பிங்’ என்பார்கள். பாராமெடிக் நோயாளியோடு மணிக்கணக்கில் காத்திருக்க, வெளியே அடுத்த அழைப்புகள் குவியும். யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று ஐந்து படிநிலைகளாகப் பிரிப்பவர் ட்ரையாஜ் செவிலியர். முதல் படிக்கு உடனடிச் சிகிச்சை. இரண்டாம் படிக்குப் பத்து நிமிடத்துக்குள். ஐந்தாம் படி இரண்டு மணி நேரம்வரை பொறுக்கலாம். கட்டில் பற்றாக்குறை அவர் உண்டாக்கியதல்ல. ஆனாலும் காத்திருப்பவரின் கோபம் அவர் மேசையில்தான் வந்து விழுகிறது. மாணவப் பருவத்தில் அவசரப் பிரிவில் சில வாரங்கள் நின்று பழகிய பாராமெடிக்குக்கும், ஆம்புலன்ஸில் ஏறிப் பார்த்த செவிலியருக்கும் அந்த மேசையின் இருபக்கமும் தெரியும்.

ஒப்படைத்துவிட்டு பாராமெடிக் ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, புது விரிப்புப் போட்டுக் கிளம்புகிறார். தான் தூக்கி வந்தவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்த நோயாளியோடு வரும்போது, “காலையில கூட்டிட்டு வந்தீங்களே, அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்” என்று செவிலியர் சொன்னால்தான் உண்டு.